காற்றுக்குக் கணக்குப் போட்ட ரிச்சர்ட்சன்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

பிரான்ஸ் நாட்டின் போர்முனைக்குச் சற்றுப் பின்னால், குளிர் வாட்டும் ஒரு தங்கும் இடம். அங்கே வைக்கோல் குவியலின் மீது ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். குண்டு பட்டு விழுந்த வீரர்களை வண்டியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவருடைய வேலை. வேலை முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் மற்றவர்கள் கண்ணயர்வார்கள். அவரோ காகிதங்களை எடுத்து விரிப்பார். கணக்குப் போடத் தொடங்குவார்.

அது வரவு செலவுக் கணக்கு அல்ல. வானத்தின் கணக்கு! காலையில் இப்படி இருந்த காற்று, ஆறு மணி நேரத்தில் எப்படி மாறும் என்ற கணக்கு.

அவர் பெயர் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன். மழையையும் புயலையும் இன்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்கிறார்களே, அதற்கு வழி வகுத்தவர் அவர்தான்.

கடைக்குட்டி

இங்கிலாந்தின் வடக்கே நியூகாசில் என்று ஒரு நகரம். அங்கே 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ந் தேதி ரிச்சர்ட்சன் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்து வந்தார். ஏழு குழந்தைகளில் ரிச்சர்ட்சன்தான் கடைக்குட்டி.

அவருடைய குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. எக்காரணம் கொண்டும் மனிதனை மனிதன் கொல்லக் கூடாது, போரில் ஆயுதம் ஏந்தக் கூடாது என்பது குவேக்கர்களின் கொள்கை. சின்ன வயதில் மனதில் பதிந்த இந்தக் கொள்கை, கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை. அதற்காக அவர் கொடுத்த விலையும் கொஞ்சம் அல்ல.

யார்க் நகரில் உள்ள பள்ளிக்கூடத்திலும், பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். 1903ஆம் ஆண்டு விஞ்ஞானத்தில் முதல் வகுப்பில் தேறினார்.

சதுப்பு நிலம் சொல்லித் தந்த பாடம்

படிப்பு முடிந்ததும் பல இடங்களில் வேலை பார்த்தார். அவற்றில் ஒன்று, சதுப்பு நிலத்துக் கரிமண்ணை வெட்டி எடுத்து எரிபொருளாக்கும் கம்பெனி. அங்கே ஒரு சிக்கல் வந்தது. நிலத்தில் உள்ள தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்ட வேண்டும். எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் நன்றாக வடியும்?

இதற்குக் கணிதத்தில் சமன்பாடு இருந்தது. ஆனால் அதை நேராகப் போட்டு விடை காண முடியவில்லை. ரிச்சர்ட்சன் ஒரு யோசனை செய்தார். நிலம் முழுவதையும் ஒரே கணக்காகப் போடுவதற்குப் பதிலாக, சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே சாதாரணக் கூட்டல் கழித்தல் போட்டார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, ஏறக்குறைய சரியான விடை கிடைத்தது!

பெரிய கணக்கைச் சிறு கட்டங்களாக உடைப்பது. இந்த ஒரு யோசனைதான் பிறகு அவரை வானத்துக்கே கொண்டுபோயிற்று.

குடையும் ஊதலும்

1909ஆம் ஆண்டு டோரதி கார்னெட் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் ஒரு பேராசிரியரின் மகள். கணவரின் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் துணையாக நின்றவர்.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. 1,500 பேர் கடலில் மாண்டனர். உலகமே கலங்கிற்று. இருட்டில் பனிப்பாறையைக் கண்டுபிடிக்க வழி இல்லையா என்று ரிச்சர்ட்சன் யோசித்தார்.

வைட் தீவின் கரையோரம் டோரதி படகு வலித்தார். ரிச்சர்ட்சன் ஓர் ஊதலை எடுத்து ஊதினார். விரித்த குடை ஒன்றைக் காதுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, எதிரொலி வருகிறதா என்று கேட்டார். வந்தது! ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தடையைக் கண்டறியும் முறைக்குச் சில நாட்களிலேயே உரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்தார்.

மழை நாட்டில் வேலை

1913ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வானிலை இலாகா அவரை வேலைக்கு எடுத்தது. ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மூர் என்ற தனிமையான இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதற்கு அவர் மேலதிகாரி ஆனார். நடந்தாலும் உட்கார்ந்தாலும் வானிலையே அவருக்கு நினைவு.

அந்தக் காலத்தில் நாளைய வானிலையை எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? பழைய படங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். இன்றைக்கு இருப்பதுபோல் முன்பு என்றைக்கு இருந்தது என்று தேடுவார்கள். அன்று மறுநாள் மழை பெய்திருந்தால், நாளைக்கும் மழை என்பார்கள். பாதி அனுபவம், பாதி ஊகம்.

ரிச்சர்ட்சனுக்கு இது பிடிக்கவில்லை. கிரகணம் எப்போது வரும் என்பதை வானநூலார் பழைய சம்பவங்களைப் பார்த்தா சொல்கிறார்கள்? கணக்குப் போட்டல்லவா சொல்கிறார்கள்! காற்றும் இயற்கையின் விதிக்குக் கட்டுப்பட்டதுதானே? அதற்கும் ஏன் கணக்குப் போடக் கூடாது?

கணக்கால் முடியும் என்று நார்வே நாட்டு விஞ்ஞானி பியர்க்னெஸ் 1904ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தார். ஆனால் எண்களைக் கையில் எடுத்து, உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர் ரிச்சர்ட்சன்தான்.

சதுரங்கப் பலகை

அவருடைய முறை இதுதான். ஐரோப்பாப் படத்தின் மீது சதுரங்கப் பலகைபோல் கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டமும் சுமார் 200 கிலோமீட்டர் அகலம். வானத்தையும் உயரவாக்கில் ஐந்து அடுக்குகளாகப் பிரித்தார். ஒரு கட்டத்தில் காற்றின் அழுத்தம். பக்கத்துக் கட்டத்தில் காற்றின் வேகம். இப்படி மாற்றி மாற்றி எண்களை எழுதினார்.

பிறகு கணக்கு. ஒரு தொட்டியில் ஒரு குழாய் வழியே தண்ணீர் வருகிறது; இன்னொரு குழாய் வழியே போகிறது. வருவது அதிகமானால் மட்டம் ஏறும். போவது அதிகமானால் மட்டம் இறங்கும். காற்றும் அப்படித்தான். ஒரு கட்டத்துக்குள் வரும் காற்று எவ்வளவு, வெளியே போகும் காற்று எவ்வளவு என்று தெரிந்தால், அங்கே அழுத்தம் ஏறுமா இறங்குமா என்று சொல்லிவிடலாம். வெயில், ஈரம், மேகம், தரையின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வேலையை விட்டார், போர்முனைக்குப் போனார்

1914ஆம் ஆண்டு போர் மூண்டது. 1916ஆம் ஆண்டு பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது.

ரிச்சர்ட்சன் துப்பாக்கி ஏந்த மறுத்தார். ஆனால் மற்றவர்கள் சாகும்போது வீட்டில் பத்திரமாக இருக்கவும் அவர் மனம் ஒப்பவில்லை. நல்ல வேலையை ராஜினாமா செய்தார். குவேக்கர்கள் நடத்திய ஆம்புலன்ஸ் படையில் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். சுட மாட்டேன்; சுடப்பட்டவனைத் தூக்குவேன். இதுதான் அவர் கண்ட வழி.

போகும்போது கணக்குக் காகிதங்களையும் கையோடு கொண்டுபோனார். வைக்கோல் குவியல்தான் அவருக்கு ஆபீஸ்!

அவர் எடுத்துக்கொண்ட நாள் 1910ஆம் ஆண்டு மே 20ந் தேதி. ஹாலி வால்நட்சத்திரம் பூமியை நெருங்கி வந்த சமயம் அது. அப்போது ஐரோப்பாவின் பல ஊர்களில் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே உள்ள காற்றை அளந்திருந்தார்கள். அந்த அளவுகள் அவரிடம் இருந்தன. அன்று காலை 7 மணி நிலவரத்தை வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த பகுதியில் ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டார். நாள் என்னவோ பழைய நாள்தான். ஆனால் விடை சரியா என்று ஒத்துப்பார்க்க அதுதானே வசதி!

இந்தக் கணக்குக்கு ஆறு வாரம் பிடித்தது.

நிலக்கரிக்கு அடியில்

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஷாம்பெய்ன் என்ற இடத்தில் கடும் சண்டை நடந்தது. புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பின்னால் அனுப்பினார்கள். அது வழியில் காணாமல் போய்விட்டது!

பல வருட உழைப்பு. வேறு நகல் எங்கே தேடுவது?

மாதங்கள் ஓடின. ஒரு நாள் செய்தி வந்தது. பெல்ஜியம் நாட்டில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் அந்தக் காகிதங்கள் கிடந்தன. யாரோ கண்டெடுத்தார்கள். போன உயிர் திரும்பி வந்ததுபோல் ஆயிற்று.

தப்பாகப் போன விடை

கணக்கின் விடை என்ன? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது.

அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருந்தது!

145 மில்லிபார் என்பது எவ்வளவு பெரிய தப்பு? கடல் மட்டத்தில் சாதாரணமாக அழுத்தம் சுமார் 1,013 மில்லிபார் இருக்கும். 1979ஆம் ஆண்டு பசிபிக் கடலில் வீசிய மிகக் கொடிய சூறாவளியின் நடுவில் அது 870 மில்லிபாருக்கு இறங்கியது. அந்தப் பேய்ப்புயலில்கூடக் குறைந்தது 143 மில்லிபார்தான். ரிச்சர்ட்சனின் கணக்கோ அமைதியான ஒரு நாளில் அதைவிடப் பெரிய மாற்றத்தைக் காட்டியது.

இன்னொருவராக இருந்தால் காகிதங்களைக் கிழித்துப் போட்டிருப்பார். அல்லது விடையைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருப்பார். ரிச்சர்ட்சன் இரண்டையும் செய்யவில்லை. 1922ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் அவருடைய நூலை வெளியிட்டது. எண் கணக்கு முறையால் வானிலையை முன்கூட்டி அறிவது பற்றிய நூல். அதில் தப்பான விடையை அப்படியே அச்சிட்டார். எந்த எண்ணிலிருந்து தொடங்கினார், எப்படிப் போட்டார், எங்கே தப்பு நேர்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் எழுதினார். கணக்குப் போட உதவும் 23 படிவங்களையும் சேர்த்தார். பின்னால் வருபவர் யாராக இருந்தாலும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

தப்பு முறையில் இல்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்றின் அளவுகளில்தான் கோளாறு என்று அவர் சந்தேகித்தார். அது சரிதான். ஒரு கட்டத்துக்குள் வரும் காற்றும் போகும் காற்றும் மிகப் பெரிய எண்கள். அவற்றின் வித்தியாசமோ மிகச் சிறியது. நெல் மூட்டை ஏற்றிய வண்டியை எடை போட்டு, அதன் மேல் உட்கார்ந்த குருவியின் எடையைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை. வண்டியின் எடையில் ஒரு துளி பிசகினாலும் குருவி யானையாகிவிடும்!

பல ஆண்டுகளுக்குப் பிறகு, தொடக்க அளவுகளில் இருந்த பிசகை நீக்கிவிட்டு, அதே கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். நம்பத்தகுந்த விடை வந்தது.

64,000 பேர் கணக்குப் போடும் மண்டபம்

ஒருவர் ஆறு வாரம் உழைத்தால் ஆறு மணி நேர வானிலை. இப்படிப் போட்டால் மழை பெய்து ஓய்ந்த பிறகல்லவா மழை வரும் என்று சொல்ல முடியும்?

இதற்கும் ரிச்சர்ட்சன் ஒரு கற்பனை செய்தார். உலகத்துக்கு 2,000 கட்டம். கட்டத்துக்கு 32 பேர். ஆக 64,000 பேர் சேர்ந்து கணக்குப் போட வேண்டும்.

நாடகக் கொட்டகைபோல் வட்டமான பிரம்மாண்ட மண்டபம். உள்சுவர் முழுவதும் உலகப் படம். கூரையில் வட துருவம். தரையில் தென் துருவம். அவரவர் நாட்டுப் படத்துக்கு எதிரே அவரவர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். நடுவில் உயரமான தூண். அதன் உச்சியில் தலைவர். முந்திப் போகிறவர்கள் மீது இளஞ்சிவப்பு வெளிச்சம் அடிப்பார். பிந்துகிறவர்கள் மீது நீல வெளிச்சம் அடிப்பார். விடைகள் சேர்ந்ததும் உடனே ரேடியோ நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து உலகத்துக்கெல்லாம் அறிவிக்கப்படும்.

மண்டபத்துக்கு வெளியே மைதானமும் வீடுகளும் மலையும் ஏரியும் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். காற்றுக்குக் கணக்குப் போடுகிறவன் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டாமா?

படித்தவர்கள் வியந்தார்கள். நடக்காத காரியம் என்று மூடி வைத்தார்கள்.

நச்சுப் புகை

போர் முடிந்ததும் 1919ஆம் ஆண்டு ரிச்சர்ட்சன் மறுபடி வானிலை இலாகாவில் சேர்ந்தார். பென்சன் என்ற ஊரில் வேலை. பட்டாணி அளவிலிருந்து செர்ரிப் பழ அளவு வரையுள்ள எஃகுக் குண்டுகளை வானத்தை நோக்கிச் சுட்டு, மேல்காற்றின் வேகத்தை அளந்தார். மனிதர்களைச் சுட மறுத்தவர், காற்றைத்தான் சுட்டார்!

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1920ஆம் ஆண்டு வானிலை இலாகாவை விமானப் படையை நிர்வகிக்கும் அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ராணுவத்தோடு சேர்ந்த இடத்தில் சம்பளம் வாங்க அவர் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. மீண்டும் ராஜினாமா. லண்டனில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார்.

அங்கிருந்தபடியே காற்றின் சுழற்சியைப் பற்றி ஆராய்ந்தார். காற்று எப்போது அமைதியாக ஓடும், எப்போது கலங்கிச் சுழலும் என்பதைக் காட்டும் ஓர் எண்ணை விஞ்ஞானிகள் இன்றும் ரிச்சர்ட்சன் எண் என்றுதான் அழைக்கிறார்கள். 1926ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்தது.

ஆனால் அந்த ஆராய்ச்சியைத் தேடி வந்தவர்கள் யார்? நச்சுப் புகை நிபுணர்கள்! காற்றில் புகை எப்படிப் பரவும் என்று தெரிந்தால், எதிரிகள் மீது விஷ வாயுவை எப்படி ஏவலாம் என்றும் தெரிந்துவிடும் அல்லவா?

ரிச்சர்ட்சனின் நெஞ்சு உடைந்தது. இன்னும் அச்சேறாமல் இருந்த ஆராய்ச்சிக் காகிதங்களை அழித்துவிட்டார். உயிருக்கு உயிராக நேசித்த வானிலை ஆராய்ச்சியையே கைவிட்டார்.

போருக்கும் கணக்கு

நாற்பது வயதைத் தாண்டியவர் மறுபடி மாணவரானார். மனோதத்துவம் படித்து 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தலைவரானார். 1940ஆம் ஆண்டு அந்த வேலையையும் விட்டுவிட்டு, ஒரே கேள்வியில் மூழ்கினார். மனிதர்கள் ஏன் போர் செய்கிறார்கள்?

புயலுக்குக் கணக்குப் போட்டதுபோல் போருக்கும் கணக்குப் போட்டார். 1820ஆம் ஆண்டு முதல் நடந்த போர்களையெல்லாம் பட்டியல் போட்டார். ஒரு நாடு ஆயுதம் சேர்த்தால் அடுத்த நாடு எப்படிப் பயந்து சேர்க்கும் என்பதற்குச் சமன்பாடு எழுதினார்.

எல்லை நீளமாக இருந்தால் சண்டை அதிகமா என்று பார்க்கும்போது ஒரு விந்தையைக் கண்டார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடுவே உள்ள எல்லை ஒன்றுதான். ஆனால் ஒரு கணக்கில் 987 கிலோமீட்டர். இன்னொரு கணக்கில் 1,214 கிலோமீட்டர்! அளவுகோல் சிறியதாக ஆக, வளைவு நெளிவெல்லாம் அகப்பட்டு நீளம் கூடுகிறது என்று கண்டார். இதிலிருந்து பிற்காலத்தில் கணிதத்தில் ஒரு புதிய துறையே கிளைத்தது.

காலம் கனிந்தது

1950ஆம் ஆண்டு. அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் ராட்சத இயந்திரம். சார்னி, பியூர்டாப்ட், வான் நாய்மன் ஆகிய விஞ்ஞானிகளும் அவர்களுடைய குழுவினரும் அதில் வானிலைக் கணக்கைப் போட்டார்கள். ரிச்சர்ட்சனின் கணக்கைக் கவிழ்த்த இடைஞ்சல்களை ஒதுக்கிவிடும்படி சமன்பாட்டைச் சுருக்கியிருந்தார்கள். 24 மணி நேர வானிலைக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் பிடித்தது. விடை பலித்தது!

அந்த இயந்திரம் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று ராணுவத்துக்குக் கணக்குப் போடுவதற்காக. போர்முனையில் வைக்கோல் மீது தொடங்கிய கணக்கு, போருக்காகச் செய்த இயந்திரத்தில் பலித்தது.

சார்னி தம் முடிவுகளை ரிச்சர்ட்சனுக்கு அனுப்பி வைத்தார். முதியவர் வானிலைப் படங்களை மனைவி டோரதியிடம் காட்டினார். கணக்குப் போட்டு வரைந்த படம் மறுநாள் வானிலையை ஒத்திருக்கிறதா, அல்லது முதல்நாள் படமே நெருங்கி இருக்கிறதா என்று கேட்டார். கணக்குப் படம்தான் சற்று மேல் என்றார் டோரதி. ரிச்சர்ட்சன் மகிழ்ந்தார். தம்முடைய தப்பான விடையோடு ஒப்பிட்டால் இது மாபெரும் முன்னேற்றம் என்று வாழ்த்தி எழுதினார்.

1953ஆம் ஆண்டு செப்டம்பர் 30ந் தேதி, ஸ்காட்லாந்தில் கில்மன் என்ற ஊரில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 71. மறு ஆண்டே சுவீடன் நாடு தினசரி வேலைக்குக் கம்ப்யூட்டர் வானிலைக் கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. போர் பற்றிய அவருடைய இரு பெரிய நூல்கள் 1960ஆம் ஆண்டு வெளிவந்தன. 1972ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வானிலை இலாகா தன் புதிய கட்டடப் பகுதிக்கு ரிச்சர்ட்சன் பெயரைச் சூட்டியது.

வலைக்கண் சிறுத்தது

பெரிய கண்ணுள்ள வலையில் சிறு மீன் சிக்காது. ரிச்சர்ட்சனின் 200 கிலோமீட்டர் கட்டத்தில் ஓர் இடிமழை சிக்காது. மலை எங்கே, பள்ளத்தாக்கு எங்கே என்று அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டர்களின் வேகம் கூடக் கூட, வலைக்கண் சிறுத்துக்கொண்டே வந்தது.

அவர் கணக்குப் போட்டுத் தோற்ற அதே மியூனிக் பகுதிக்கு, 2021ஆம் ஆண்டு முதல் ஜெர்மன் வானிலை இலாகா சுமார் 2 கிலோமீட்டர் அளவுள்ள சிறு பகுதிகளாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. அவருடைய ஒரு கட்டத்துக்குள் இப்போது 8,000க்கும் மேற்பட்ட பகுதிகள்! ஐந்து அடுக்கு 65 அடுக்காகிவிட்டது. அவருக்கு ஆறு வாரம் பிடித்த வேலை. இன்றோ மூன்று மணிக்கு ஒரு முறை புதுக் கணக்கு.

அந்த எண்கள் பூட்டி வைக்கப்படவும் இல்லை. 2017ஆம் ஆண்டு ஜெர்மனியில் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி வானிலை இலாகாவின் கணக்குகளை விவசாயியும் மாலுமியும் பள்ளி மாணவனும், எந்த நாட்டவரும், இன்டர்நெட்டில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். விடைகளை உடனுக்குடன் உலகத்துக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்று கற்பனை மண்டபத்தில் அவர் கண்ட கனவு இப்படி நிறைவேறியது.

ரிச்சர்ட்சன் தம் அறிவு உயிரைக் கொல்லப் பயன்படக் கூடாது என்று காகிதங்களை அழித்தார். ஆனால் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்ததை, விடை தப்பாகப் போன பிறகும் மறைக்காமல் அச்சிட்டுக் கொடுத்தார். அந்தத் தப்பைப் படித்தவர்கள்தான் பிறகு சரியான விடையைக் கண்டார்கள்.